தடைக்காலத்துக்கு நாலு கொலைக் கதை சொல்லுங்கண்ணே

உச்சிப்புளி தம்பி கேட்டது, ஏப்ரல் 21

அண்ணே, மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில கட்டியாச்சு. ஜூன் 14 வரைக்கும் ஐஸ் கம்பெனியில எனக்கும் வேலை இல்லை. நீங்க மர்ம நாவல் எழுதுறவரு, சமீபத்துல என்ன படிச்சீங்கன்னு நாலைஞ்சு பேரு சொல்லுங்க. ஒரே நிபந்தனை: பனி கொட்டுற பங்களா, ஓவர்கோட்டு, பைப்பு எதுவும் வேணாம். அந்த ஊரு துப்பறியும் ஆளுங்கள நம்ம சித்திரை வெயில்ல விட்டா மோருப் பந்தல்லயே படுத்துருவாங்க.

ஏப்ரல் 21, ராத்திரி

பைப்பு வேணாம்னா நான் சொல்ல வந்த முதல் புஸ்தகமே அடிபட்டுப் போகுது. ஓவர்கோட்டும் உண்டு. பொறுத்துக்க.

ஜார்ஜ் சிமெனோன் 1931ல எழுதின மெக்ரே நாவல். இங்கிலீஷ்ல 'தி கிராண்ட் பேங்க்ஸ் கஃபே'ன்னு கிடைக்குது. பிரான்சுல ஃபேகாம்னு ஒரு மீன்பிடித் துறைமுகம். நியூஃபவுண்ட்லாந்து பக்கம் மாசக்கணக்கா காட் மீன் பிடிச்சுட்டு ஒரு போட்டு திரும்பி வருது. வந்த கையோட கேப்டன் பொணமாயிடுறாரு. வயர்லெஸ் பார்க்கிற சின்னப் பையனைப் பிடிச்சு உள்ள வைக்கிறாங்க. பெண்டாட்டியோட லீவுக்குக் கிளம்புன இன்ஸ்பெக்டர் மெக்ரே, அந்த லீவை ஃபேகாமுக்கே மாத்திக்கிறாரு. அங்க போய் அவரு பண்றது என்னன்னா, கப்பல்காரங்க குடிக்கிற கடையில ஒரு மூலையில உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்காரு. பூதக்கண்ணாடி கிடையாது, சாம்பல் ஆராய்ச்சி கிடையாது.

பாம்பன்ல மீன் வாங்குற கம்பெனியில பதினெட்டு வருசம் கணக்கு எழுதுனவன் நான். தங்கல், அதாவது நாள் கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போயிட்டு வந்த போட்டுல ஏதாவது நடந்திருந்தா முதல் நாள் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். மீன்பாடு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு மிச்சம், அவ்வளவுதான் பேச்சு. மூணாம் நாள் டீக்கடையில ஒருத்தன் மட்டும் தனி பெஞ்சுல உக்காருவான். அப்பத்தான் நமக்கு விசயம் புரியும். சிமெனோன் அந்தத் தனி பெஞ்சை மட்டும் வச்சு ஒரு நாவலே எழுதியிருக்காரு.

ஏப்ரல் 23

விலை கேட்டிருக்கீங்க. நான் போன்ல படிச்சேன். கண்ணு வலிக்குது, அதான் விலை.

ஏப்ரல் 27

ரெண்டாவது. செய்ச்சோ மட்சுமோட்டோன்னு ஜப்பான்காரரு. 1957ல ஒரு சுற்றுலாப் பத்திரிகையில தொடரா வந்து 1958ல புஸ்தகமானது. இப்ப 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'ங்கிற பேர்ல இங்கிலீஷ்ல இருக்கு. ஃபுகுவோக்கா பக்கம் ஒரு கடற்கரையில பாறை மேல ஒரு ஆணும் பெண்ணும் செத்துக் கிடக்காங்க. சயனைடு. எல்லாரும் காதல் தற்கொலைன்னு ஃபைலை மூடப் பார்க்குறாங்க. அந்த ஊர்ல வயசான ஒரு போலீஸ்காரருக்கு மட்டும் மனசு ஒப்பலை. செத்தவன் சட்டைப் பையில ரயில்ல சாப்பாடு போடுற பெட்டியோட ரசீது இருக்கு, அதுல 'ஒரு நபர்'னு போட்டிருக்கு. சேர்ந்து சாகப் போற ஜோடியில ஒருத்தன் மட்டும் எதுக்குத் தனியா போய் சாப்பிட்டான்?

ரசீதை வச்சுத்தான் நான் இந்த ஆளுகிட்ட விழுந்தேன். கணக்கு எழுதுறவனுக்கு அதைவிட வேற என்ன வேணும்.

அப்புறம் நாலு நிமிசம். டோக்கியோ ஸ்டேஷன்ல 13ஆம் பிளாட்பாரத்துல நின்னா 15ஆம் பிளாட்பாரம் தெரியாது, நடுவுல ஏதாவது ஒரு ரயில் வந்து மறைச்சுக்கிட்டே இருக்கும். நாள் பூராவுக்கும் சேர்த்து சாயங்காலம் 5.57ல இருந்து 6.01 வரைக்கும்தான் குறுக்கே வண்டி இல்லாம தெரியும். அந்த நாலு நிமிசத்துலதான் மூணு பேருக்கு அந்த ஜோடி கண்ணுல படுது. தற்செயலா? கதையில வர்ற ரயில் நேரமெல்லாம் 1957 கால அட்டவணையில உள்ளபடியே போட்டதாம்.

மனுசன் நாப்பது வயசுக்கு மேலதான் எழுதவே வந்தாரு. இதை என் வீட்டுக்காரம்மாவுக்காகச் சொல்றேன்.

ஏப்ரல் 28

காரைக்குடி சார் ஒருத்தர் கேலி பண்றாரு. "நம்ம ரயிலை நம்பி நாலு நிமிச அலிபி வச்சா கொலைகாரன் பிளாட்பாரத்துலயே மாட்டுவான், வண்டி நாப்பது நிமிசம் லேட்"னு.

சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க சார், நமக்கும் ரயில் துப்பு உண்டு. 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்துனாங்க. 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் புதுப் பாலம் தொறந்தாங்க. நடுவுல ரெண்டு வருசத்துக்கு மேல எந்த ரயிலும் தீவுக்குள்ள வரலை, மண்டபத்தோட இல்லன்னா ராமநாதபுரத்தோட நின்னுச்சு. 2023ல நடக்கிற கதையில ஒருத்தன் "காலையில ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல வந்து இறங்கினேன்"னு வாக்குமூலம் குடுத்தா அந்த இடத்துலயே விலங்கு மாட்டலாம். சென்னையில உக்காந்து எழுதுறவனும் அதே இடத்துல மாட்டுவான்.

மே 2

"தமிழ்ல ஒண்ணும் சொல்லலையே"ன்னு மூணு பேரு. சமீபத்துல படிச்சதைத்தானே கேட்டீங்க? சரி, திரும்பப் படிச்சது தேவனோட 'துப்பறியும் சாம்பு'. சாம்புவுக்குத் துப்பு தானா வந்து மடியில விழும், அவருக்கே ஏன்னு தெரியாது. மெக்ரேயப் படிச்சுட்டு உடனே சாம்புவ எடுத்தா அந்த மூக்கும் முழியும் இன்னும் சிரிப்பு. சுஜாதாவோட 'கரையெல்லாம் செண்பகப்பூ'வும் எடுத்தேன். நாட்டுப்பாட்டு சேகரிக்க கிராமத்துக்கு வர்ற ஒருத்தன் கொலைக்குள்ள மாட்டுறான். அந்த ஜமீன் வீட்டுல ராத்திரி கேட்கிற சத்தம் இப்பவும் வேலை செய்யுது. இதுக்கு மேல நான் சொல்லித் தெரியணுமா.

மே 6

மூணாவது, இதுதான் என்னை ஆட்டி வச்சது. டோரதி செயர்ஸ், 1932, 'ஹேவ் ஹிஸ் கார்க்கஸ்'. ஹாரியட்னு ஒரு பொண்ணு, அவளும் மர்ம நாவல் எழுதுறவ, கடற்கரையோரமா தனியா நடைப்பயணம் போறா. ஒரு பாறையில கழுத்தறுத்துக் கிடக்கிற பொணத்தைப் பார்க்குறா. ரத்தம் இன்னும் உறையலை. மணல்ல செத்தவன் காலடியைத் தவிர வேற தடம் இல்லை. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. போலீஸைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள கடல் பொணத்தை எடுத்துட்டுப் போயிடும்னு தெரிஞ்சு, போட்டோ எடுக்குறா, ஒரு ஷூவைக் கழட்டி எடுத்துக்குறா. சொன்ன மாதிரியே கடல் கொண்டுபோயிடுது.

ஓதத்தையே, அதாவது கடல் ஏறி எறங்குறதையே கடிகாரமா வச்ச கதை. எந்த நேரத்துல பாறைக்கு நடந்து போகலாம், எப்ப போக முடியாது, எல்லாம் அட்டவணைப்படி. நடுவுல சங்கேத எழுத்தை உடைக்கிற ஒரு அத்தியாயம் வருது, அது அறுவை, தாண்டிருங்க.

படிச்சு முடிச்ச அன்னைக்கே தீர்மானம் பண்ணிட்டேன். அடுத்த நாவல் இதே மாதிரி பாம்பன்ல. வத்தத்துல தெரியுற பாறை, ஏத்தத்துல மறையுற பொணம்.

மே 8

மாமாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா கூடப் பொறந்தவரு, முப்பத்தஞ்சு வருசம் விசைப்படகு டிரைவர். படிச்சது நாலாங்கிளாஸ். வலை பின்னிக்கிட்டே கேட்டாரு. பொணம், பாறை, பக்கத்துல சவரக்கத்தி, செத்தவனுக்கு அழகா வெட்டுன தாடி, இப்படிச் சொல்லிக்கிட்டே வந்தேன். ஊசி நின்னுச்சு.

"ஏன் மருமகனே, தாடி வச்சிருக்கவனுக்கு என்னத்துக்குச் சவரக்கத்தி?"

ஐநூறு பக்கத்துப் புஸ்தகத்துல துப்பறியுற பீட்டர் விம்சிப் பிரபு முட்டிக்கிட்டு நிக்கிற கேள்வி அது. இதுக்கு மேல சொன்னா முடிவை உடைச்ச பாவம் வந்துரும்.

மே 27

இன்னைக்கு அமாவாசை. மே 6ஆம் தேதி எழுதின தீர்மானத்தை வாபஸ் வாங்குறேன். ஏன்னு சொல்றேன்.

மாமாகிட்ட பாம்பன் பாறைத் திட்டத்தைச் சொன்னதும், "எம்புட்டுத் தண்ணி ஏறும்னு நெனச்சுக்கிட்டு இருக்க?"ன்னாரு. அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் ஏத்தம் கூடுதல், அதனால இன்னைக்கு விடியக்காலையிலேயே வடகடல் பக்கம் போனோம். பழைய துடுப்புக் கம்பு ஒண்ணுல சாண் சாணா கத்தியால கீறி, படகுத்துறை ஜெட்டிக் காலோட சேர்த்துக் கட்டினாரு.  மதியம் தாண்டுற வரைக்கும் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தோம். தண்ணி மேல ஏறின இடத்துக்கும் கீழ எறங்கின இடத்துக்கும் ரெண்டரை சாண். அவ்வளவுதான். ஒன்றரை முழம்கூட முழுசா இல்லை.

இங்கிலாந்துல பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் நாப்பது அடிக்கு மேல ஏறி எறங்குமாம். செயர்ஸுக்கு அந்தக் கடல் இருந்துச்சு. என் பாறையில கிடக்கிற பொணத்துக்கு வேட்டி நனையும், அதோட சரி. போலீஸ் மெதுவா மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டு வரலாம்.

மே 28

உச்சிப்புளி தம்பி விடலை. "அண்ணே, அக்னி தீர்த்தத்துல கடல் உள்வாங்கி நூறு மீட்டருக்கு மேல தரை தெரியுதே, பவளப்பாறையெல்லாம் வெளிய வந்து நாட்டுப்படகு தரைதட்டி நிக்குதே, அது என்னவாம்?"

சரியான கேள்வி. கரை அவ்வளவு மட்டம், ரெண்டு சாண் எறங்கினாலே தண்ணி எங்கயோ போயிடும். அப்ப பாறைக்கதைக்கு உயிர் இருக்கான்னு ராத்திரி பூரா புரண்டேன். இல்லைன்னுதான் படுது. இந்த உள்வாங்கல் காத்தையும், நீவாடுன்னு நாங்க சொல்ற கடலோட்டத்தையும் பொறுத்தது. எந்த அட்டவணையிலயும் வராது. கொலைகாரன் முன்கூட்டியே திட்டம் போட முடியாது. அவனுக்குப் பாதகமா ஒரு நாள் தண்ணி விலகி, அவன் புதைச்சது வெளிய தெரியலாம். அது வேற கதை. அதை யாரும் எடுத்துறாதீங்க, நான் எழுதுறேன்.

மே 30

அகதா கிறிஸ்டியைப் பத்திக் கேட்டவருக்கு. தீவுல பத்துப் பேரு மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா சாகுற கதை 1939. நம்ம மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கே, ஒண்ணுல வைக்கலாமேன்னு கேக்குறீங்க. அது தேசியப் பூங்கா. வனத்துறைகிட்ட அனுமதி வாங்குறதுக்குள்ள நாலு அத்தியாயம் முடிஞ்சு, பத்துப் பேர்ல ரெண்டு பேரு வெறுத்துப் போயி வீட்டுக்குத் திரும்பிருவாங்க.

நான் போன மாசம் படிச்சது அவங்களோட முதல் நாவல், 1920, 'ஸ்டைல்ஸ்'. முதல் உலகப்போர் சமயத்துல அந்தம்மா ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை பார்த்தவங்க, அதனால விசத்துல ஒரு சொல் பிசகாது. அதுல வர்ற ஸ்ட்ரிக்னைன் நம்ம எட்டிக்கொட்டையில இருக்கிறதுதான். எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்னன்னு பள்ளிக்கூடத்துல ஒப்பிச்சுட்டு, அதை வச்சு இங்கிலீஷ்காரங்க கொலை எழுதுறதை நாம வாயைப் பொளந்து படிக்கிறோம்.

நானும் ஒருதடவை விசமுள்ள பேத்தை மீனை வச்சு ஆரம்பிச்சேன். சமைச்சாலும் அந்த விசம் போகாது, முறிவு மருந்தும் கிடையாது. ஆனா நாலு வயசுப் புள்ளைக்கும் பேத்தையத் தெரியும், உப்ப வச்சு விளையாடும். சாகுறவன் வெளியூர்க்காரனா இருந்தாத்தான் கதை நிக்கும். வெளியூர்க்காரன்னா மாமாவுக்கு உடனே சந்தேகம்: "அவனுக்கு மீனை ஆஞ்சு குடுத்தது யாரு?" அதோட அந்த நாவல் முடிஞ்சுபோச்சு.

ஜூன் 3

தொண்டியில இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அப்படியே போடுறேன், எனக்கு மறைக்கிற பழக்கம் இல்லை.

"ஜப்பான்காரர் அட்டவணையைப் பத்தி அவ்வளவு சொல்றீங்க. உங்க ஏழாவது நாவலோட மறுபதிப்புல கொலை நடக்கிறது 2019 ஜூன் 5. அன்னைக்கு விசைப்படகு எப்படிக் கடலுக்குப் போச்சு? தடைக்காலம் இல்லையா? அது போக, அன்னைக்குக் காலையில பாய் கடையில வழக்கம்போல டீ ஆத்திக்கிட்டே மழை வரலைன்னு அலுத்துக்கிறாரு. அன்னைக்கு நோன்புப் பெருநாள் சார். தொழுகைக்குப் போகாம அவரு ஏன் டீ ஆத்துறாரு?"

ஜூன் 3, ராத்திரி

சோறு இறங்கலை.

ஜூன் 4

நடந்ததைச் சொல்லிடுறேன். அந்த நாவலை நான் 2013ல எழுதினேன். கொலைகாரனோட அலிபியே மீன்பிடி நாள்தான். ராமேஸ்வரத்துல விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி, மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. புதன்கிழமை டோக்கன் வாங்கி போட்டுல போனதா எழுத்துல இருக்கு, அதனால அவன் கரையில இருந்திருக்க முடியாது. ஆனா இருட்டுல வத்தைங்கிற சின்னப் படகுக்கு மாறி, குந்துகால் பக்கம் வந்து ஆளை முடிச்சுட்டுத் திரும்பப் போயிடுறான். தென்கடல்ல போட்ட பொணத்தைக் கச்சான், அதான் தென்மேற்குக் காத்து காலத்து நீவாடு பாலத்துக்கு அடியில இழுத்து வடகடல்ல விடுது. பாட்டி வீட்டுக்கு லீவுல வந்திருக்கிற ஒரு சின்னப் புள்ளை, விளக்கில்லாம வர்ற வத்தையைப் பார்க்குது.

2013 ஜூன் 5 புதன். அப்ப தடைக்காலம் 45 நாள், மே 29ஓட முடிஞ்சிருச்சு. அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி, நல்ல இருட்டு. எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு.

மறுபதிப்பு போட்டவரு, வாட்ஸ்அப் இல்லாட்டி இப்ப யாரும் படிக்க மாட்டாங்கன்னாரு. வருசத்தை மாத்துனேன். என் கெட்டிக்காரத்தனம் என்னன்னா, 2013க்கும் 2019க்கும் காலண்டர் ஒண்ணுதான், தேதிக்குத் தேதி அதே கிழமை. அதனால வருசத்தை மட்டும் மாத்தினா போதும்னு 2019ஐப் பிடிச்சேன். அன்னைக்கு நெஞ்சை நிமித்திக்கிட்டு அலைஞ்சேன். 2017லயே தடைக்காலத்தை 61 நாள் ஆக்கிட்டாங்க, அந்தச் சமயத்துல எனக்கே ரெண்டு மாசம் சம்பளம் குறைஞ்சுது, அது ஞாபகம் வரலை. பெருநாள் வருசத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னாடி நகரும், அதுவும் தோணலை.

தொண்டிக்கார அம்மா, ரெண்டும் ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 9

திருத்தம் போட ஆரம்பிச்சேன். ஜூன் 19க்கு நகர்த்தினா தடைக்காலம் முடிஞ்சுது, பெருநாள் தாண்டியாச்சு, கிழமை புதன். பிரமாதம்னு எழுந்து ஒரு டீ குடிச்சேன். திரும்பி வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தா 17ஆம் தேதி பௌர்ணமி. ஊரே வெளிச்சமா இருக்கிறப்ப விளக்கில்லாத வத்தையில வந்து என்ன பிரயோஜனம், பாட்டி, புள்ளை, நாய் எல்லாரும் பார்ப்பாங்க.

தள்ளிக் கொண்டுபோயி தை மாசத்துல வைக்கலாம்னா நீவாடு திரும்பிடும். வாடைக்குத் தண்ணி வடக்கே இருந்து தெற்கே ஓடும், பொணம் பாலத்துக்கு இந்தப் பக்கம் வராது.

ஜூலை 3. புதன். ஜூலை 2 அமாவாசை. கச்சான் அடிச்சுக்கிட்டு இருக்கும். மூணும் ஒத்து வந்துச்சு. மட்சுமோட்டோ படத்துக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தலாம்னு இருந்தேன்.

ஜூன் 10

ஊதுபத்தி வேணாம். ஜூலையில பள்ளிக்கூடம் தொறந்திருக்கும். லீவுக்கு வந்த புள்ளை பாட்டி வீட்டுல எப்படி இருக்கும்? அது இல்லைன்னா வத்தையைப் பார்த்த சாட்சியே இல்லை.

ஜூன் 14

நாளைக்குத் தடைக்காலம் இருக்காது. ஜெட்டியில ஒரே சத்தம், ஐஸ் ஏத்துறாங்க, டீசல் நாத்தம் வீடு வரைக்கும் வருது. உச்சிப்புளி தம்பிக்கு ஐஸ் கம்பெனியில வேலை வந்துருச்சு, இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். நான் சொன்ன அஞ்சாறு புஸ்தகத்துல எத்தனை படிச்சான்னு கேட்டேன், சாம்பு மட்டும்னான்.

மாமாகிட்ட புள்ளை விசயத்தைச் சொன்னேன். போட்டுக்குச் சாமி கும்பிட எலுமிச்சம்பழம் வாங்கப் போய்க்கிட்டு இருந்தாரு. நிக்காம போயிட்டாரு. கொஞ்சம் கழிச்சுத் திரும்பி வரும்போது வாசல்ல நின்னு, "புள்ளைக்கு அம்மை போட்டிருக்குன்னு எழுது. பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்க மாட்டான். சின்னதுக்கும் ஒட்டிக்கும்னு ஆத்தாக்காரி கிழவி வீட்டுல கொண்டாந்து விட்டிருப்பா. ராத்திரி அரிப்புல தூக்கம் வராது, சன்னல்ல உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டு இருக்கும்"ன்னாரு.

வாசல்ல வேப்பிலை சொருகியிருக்கும், அதனால வெளியாள் எவனும் அந்த வீட்டுக்குள்ள வந்து விசாரிக்கவும் மாட்டான். இன்ஸ்பெக்டர் உட்பட. ரெண்டு அத்தியாயம் திருப்பி எழுதணும்.